கண்ணாடி அறையில் கொடுத்த குரல்

அன்புள்ள ராபின்,

முதலில் என்னை மன்னித்துக்கொள். கல்யாண வேலைகளுக்கு நடுவில் இத்தனை நீளமாக ஒரு கடிதம் வந்தால் யாருக்கும் அலுப்பாகத்தான் இருக்கும். ‘போன்ல சொல்லிருக்கலாமே மம்மி’ என்பாய். போனில் ஏன் சொல்ல முடியவில்லை என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படி. ஆபீஸில் வைத்துப் படிக்காதே.

செவ்வாய்க்கிழமை நீ அனுப்பிய கல்யாணத் திருப்பலிப் புத்தகத்தின் மாதிரியைப் பார்த்தேன். உன் பெயரும் ஷெரின் பெயரும் அட்டையில் அழகாக வந்திருக்கின்றன. மூன்றாம் பக்கத்தில் ‘முதல் வாசகம்: மணமகனின் தாயார்’ என்று போட்டிருக்கிறாய். அதைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். பிறகு மறுபடி எடுத்துப் பார்த்தேன். இத்தனை வருடம் நம் பங்குக் கோயிலில் கடைசித் தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள் நான். பூசையில் பைபிள் வாசிக்க எத்தனையோ முறை கூப்பிட்டும் போனதில்லை. ‘ஒரு தடவயாவது எல்லார் முன்னாடியும் நீ வாசிக்கணும் மம்மி, என் கல்யாணத்துல வாசிக்கலன்னா எப்ப வாசிக்கப் போற?’ என்று நீ கேட்டபோது நான் சரியென்று தலையாட்டினேன். எனக்கும் அந்த ஆசை இருக்கிறது, அதை மறைக்கவில்லை. ஆனால் என்னால் முடியுமா என்பது எனக்குத் தெரியவில்லை. சனிக்கிழமை புத்தகம் அச்சுக்குப் போகிறது. அதற்குள் நீ ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு என் குரல் சரியாகவில்லை. சரியாகிவிட்டதாக ரிப்போர்ட் சொல்கிறது. அந்த ரிப்போர்ட் அப்படி வந்ததற்குக் காரணம் நான்.

எனக்கு இரண்டு குரல் உண்டு என்பது உனக்குத் தெரியும். வீட்டில் இருந்தது பெரிய குரல். ஆஸ்டின் டவுனில் நம் மூன்றாவது மாடிப் பால்கனியில் நின்று ஒரு முறை கூப்பிட்டால், தெருவைத் தாண்டி கிரவுண்டில் பேட்டோடு நிற்கும் உனக்குக் கேட்கும். நீ கேட்காத மாதிரி நடிப்பாய். உன் பக்கத்தில் நிற்கும் பையன்கள் எல்லாம் திரும்பிப் பார்ப்பார்கள். ‘ராபின் மம்மி கூப்டா பி.எம்.டி.சி. பஸ்ஸே நின்னுடும்’ என்று கீழ்வீட்டு ஸ்டெல்லா அக்கா கேலி செய்வாள். உன் டாடிக்கும் அந்தக் குரல்தான் தேவைப்பட்டது. இருபத்தைந்து வருடம் லேத் பட்டறையில் நின்ற காது அவருடையது. சாதாரணமாகப் பேசினால் பாதி போய்ச் சேராது. பள்ளிக்கூடத்திலும் அதே குரல்தான். நீலசந்திராவில் தகரக் கூரை போட்ட வகுப்பறை, மழை பெய்தால் கூரையோடு போட்டி போட்டுக்கொண்டு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அந்தக் குரல் அழகான குரல் என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் போய்ச் சேரும்.

இன்னொரு குரலை நான் கல்லூரியில் கற்றுக்கொண்டேன். நம் இரண்டு பக்கத்துக் குடும்பத்திலும் டிகிரி வாங்கிய முதல் ஆள் நான் என்று நீ எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வாய். அந்த மூன்று வருடத்தில் நான் வகுப்பில் எத்தனை முறை வாயைத் திறந்தேன் என்று கேட்டால் ஒரு கை விரல்கள் போதும். கூடப் படித்த பெண்கள் சிரிப்பதுகூட இங்கிலீஷில்தான். அவர்கள் முன்னால் பேச வேண்டி வந்தால், மெல்லிய, மரியாதையான, தப்பு வந்தாலும் யாருக்கும் கேட்காத ஒரு குரல் வரும். அதை வைத்துக்கொண்டே பரீட்சைகளைத் தாண்டினேன், வேலை வாங்கினேன். கையில் காகிதமும் பேனாவுமாக யாராவது எதிரில் உட்கார்ந்துவிட்டால் இன்றைக்கும் அந்தக் குரல்தான் வருகிறது.

நீ ஏழாவது படிக்கும்போது அதற்கான விலையைக் கொடுத்தாய். சயின்ஸ் டெஸ்ட்டில் நீ காப்பி அடித்ததாக உன் மிஸ் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். நீ அடிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். முந்தின நாள் முழுக்க அந்தப் பாடத்தை என்னிடம்தான் ஒப்பித்தாய், அதே வார்த்தைகளைத்தான் பேப்பரில் எழுதியிருந்தாய். மிஸ் இங்கிலீஷில் வேகமாகப் பேசினார்கள். நான் ‘எஸ் மிஸ், எஸ் மிஸ்’ என்றேன். ‘சாரி மிஸ்’ என்றும் சொன்னேன். வெளியே வந்ததும் நீ சைக்கிள் ஸ்டாண்டில் நின்றுகொண்டு, ‘வீட்ல அவ்ளோ கத்துறியே, அங்க ஏன் மம்மி பேசல?’ என்று கேட்டாய். நான் உன்னையே திட்டி அழைத்து வந்தேன். நீ அதை மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை. ஒரு முறைகூட அதற்காக உன்னிடம் வருத்தப்பட்டதும் இல்லை. இப்போது வருத்தப்படுகிறேன்.

இத்தனையும் சொன்னதற்குக் காரணம், அதே தப்பை நான் மறுபடியும் செய்தேன்.

போன வருடம் என் குரல் கரகரவென்று ஆனது. ஜலதோஷம் என்றேன், சாக்பீஸ் தூசி என்றேன். நீதான் விடவில்லை. ‘ஒரு தடவ பாத்துடலாம் மம்மி, எத்தன மாசமா இப்டியே இருக்கு’ என்று லீவு போட்டுவிட்டு வந்தாய். டாக்டர் கேமரா விட்டுப் பார்த்து, குரல் நாணில் ஒரு சின்னக் கட்டி இருப்பதாகவும் அதை எடுத்துவிடுவது நல்லது என்றும் சொன்னார். பயப்படும்படி எதுவும் இல்லை என்றார். அவர் சொன்ன மாதிரியே பயப்பட எதுவும் இருக்கவில்லை. அவர் மீது எனக்கு ஒரு குறையும் கிடையாது, உன் மீதும் கிடையாது. இதை இங்கேயே அழுத்திச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கடிதத்தைப் படிக்கப் படிக்க நீ உன்னைத்தான் குற்றம் சொல்லிக்கொள்வாய்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் குரலை அளந்தார்களே, நினைவிருக்கிறதா? சுவரெல்லாம் ஸ்பாஞ்ச் ஒட்டிய சின்ன அறை, ஒரு பக்கம் கண்ணாடி. உள்ளே நான், ஒரு மைக், ஒரு கம்ப்யூட்டர், குரல் பயிற்சி கொடுக்கும் அந்தப் பெண். உன் வயதுதான் இருக்கும். கன்னடப் பெண், எனக்காகத் தமிழ் பேசினாள். கண்ணாடிக்கு வெளியே நீ உட்கார்ந்திருந்தாய். உன் பக்கத்தில் இஸ்திரி போட்ட சட்டையில் ஒரு பெரியவர் இங்கிலீஷ் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

“ஆன்ட்டி, நல்லா மூச்சு எடுத்துட்டு ‘ஆ’ன்னு சொல்லுங்க. எவ்ளோ நேரம் முடியுதோ அவ்ளோ நேரம்.”

சொன்னேன்.

“ஆன்ட்டி, சொல்ப ஜோரா, கொஞ்சம் சத்தமா சொல்லுங்க. வீட்ல பேசுவீங்கல்ல, அப்டி.”

அந்தப் பெரியவர் பேப்பரைத் தாழ்த்தின மாதிரி எனக்குத் தோன்றியது. உண்மையில் வெளியே ஒன்றும் கேட்காது என்று அந்தப் பெண் முன்பே சொல்லியிருந்தாள். இருந்தாலும் படித்தவர்கள் இருக்கும் இடத்தில் பல் டாக்டரிடம் வாயைத் திறந்த மாதிரி ‘ஆ’ என்று கத்த எனக்குக் கூச்சமாக இருந்தது.

“இவ்ளோதாம்மா வருது” என்றேன்.

“இதுதான் உங்க நார்மல் வாய்ஸா?”

“ஆமா.”

அவள் அதை எழுதிக்கொண்டாள். பிறகு ஒரு பத்தியைப் படிக்கச் சொன்னாள். கன்னடத்தில் ஒன்றும் இங்கிலீஷில் ஒன்றும் இருந்தன. தமிழ்த் தாள் உள்ளே எங்கேயோ இருக்கிறது, தேடி எடுத்து வருகிறேன் என்று எழுந்தாள். டிகிரி படித்தவள், இங்கிலீஷ் தெரியாது என்று நினைத்துவிடுவாளோ என்று எனக்கு ஒரு ரோஷம். ‘பரவால்ல, இங்கிலீஷே படிக்கிறேன்’ என்று வாங்கி, உச்சரிப்பு தவறாமல் ஒவ்வொரு வார்த்தையாக, உன் ஏழாம் வகுப்பு மிஸ் முன்னால் பேசிய குரலில் படித்தேன். அதற்கப்புறம் உன்னை உள்ளே கூப்பிட்டு ஒரு ஃபாரம் கொடுத்தாள். குரலால் என்னென்ன சிரமம் என்று நிறைய கேள்விகள். நீ படித்தாய், நான் பதில் சொன்னேன். சத்தமான இடத்தில் நீங்கள் பேசுவது மற்றவர்களுக்குக் கேட்கிறதா? கேட்கிறது. குரல் காரணமாக வருத்தம் உண்டா? இல்லை. நீ பேனாவை நிறுத்திவிட்டு, ‘நெஜமாவா மம்மி?’ என்றாய். அந்தப் பெண் பார்த்துக்கொண்டிருந்தாள். ‘அதெல்லாம் ஒண்ணும் இல்லடா, போடு’ என்றேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஒரு வாரம் வாயே திறக்கக் கூடாது என்றார்கள். நீ எனக்கு ஒரு ஸ்லேட்டு வாங்கி வந்தாய். நான் அதில் ‘பால் பொங்குது’ என்று எழுதிக் காட்டுவதற்குள் பால் பொங்கிவிட்டது, இரண்டு பேரும் சிரித்தோம், எனக்குச் சிரிக்கவும் பயம். அப்புறம் தண்ணீர் டம்ளரில் ஸ்ட்ராவை விட்டு ‘ஊ’ என்று ஊதும் பயிற்சி. ‘நம்ம வீட்ல சோடா ஃபாக்டரி ஆரம்பிச்சாச்சு’ என்று நீ ஷெரினுக்கு வீடியோ அனுப்பினாய். ஆறு வாரம் கழித்து மறுபடி அந்தக் கண்ணாடி அறை. அதே ‘ஆ’, அதே இங்கிலீஷ் பத்தி, அதே பவ்யமான குரல். முன்பு நான் கொடுத்த குரலில் கரகரப்பு இருந்தது, இப்போது இல்லை. நடுக்கத்தைக் காட்டும் எண்கள் குறைந்திருந்தன. மூச்சு இன்னும் நான்கு நொடி கூடுதலாக நின்றது. அந்தப் பெண், கம்ப்யூட்டரில் என் குரல் வரைந்த இரண்டு கோடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். முதல் கோடு கிழிந்த துணியின் ஓரம் மாதிரி, இரண்டாவது தையல் போட்ட மாதிரி. நீ அதைப் போட்டோ எடுத்து உறவுக்காரர்கள் குரூப்பில் போட்டாய். ‘மம்மி வாய்ஸ் நார்மல்’ என்று எழுதினாய். உன் முகத்தைப் பார்த்தேன். நீதான் பிடிவாதமாக அழைத்துப் போனாய், நீதான் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நின்றாய். அந்த முகத்தைப் பார்த்து நான் என்ன சொல்ல முடியும்?

இப்போது நடப்பதைச் சொல்கிறேன். மெதுவாகப் பேசினால் குரல் சுத்தமாக இருக்கிறது. நீ போனில் கேட்பது அதைத்தான், அதுவும் இரண்டு நிமிடம். கொஞ்சம் எழுப்பினால் நடுவில் காணாமல் போகிறது. வாய் அசைகிறது, காற்று மட்டும் வருகிறது. சில நேரம் ஒரே வார்த்தை இரண்டாக உடைந்து, பாதி மேலேயும் பாதி கீழேயும் கேட்கிறது. பள்ளிக்கூடத்தில் ஹெட்மிஸ்ட்ரஸ் எனக்கு, இடுப்பில் கட்டிக்கொள்ளும் ஸ்பீக்கர் ஒன்று கொடுத்திருக்கிறார்கள். ‘மிஸ், உங்க வயித்துலேர்ந்து சத்தம் வருது’ என்று பிள்ளைகள் முதல் நாள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்தால் பரவாயில்லை. உடைகிற இடத்தில் ஸ்பீக்கர் உடைந்த குரலைத்தானே பெரிதாக்கும்? வீட்டில் உன் டாடி, ‘இன்னா சொன்ன?’ என்பார். திருப்பிச் சொல்வேன். ‘இன்னா?’ என்பார். மூன்றாவது முறை நான் கையை ஆட்டி விட்டுவிடுவேன். ‘இப்பதான் வூடு அமைதியா கீது’ என்று ஒரு நாள் சிரித்தார். வேடிக்கைக்குத்தான் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து அவரே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

மூன்றாவது முறை அளக்கப் போனபோது நீ வரவில்லை, உனக்கு வேலை இருந்தது. அறைக்கு வெளியே காத்திருந்தேன். ஸ்டெல்லா அக்காவிடமிருந்து போன் வந்தது. மொட்டை மாடியில் காயப் போட்ட துணி மழையில் நனைகிறதாம், அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லை, நான் என்னை மறந்து, ‘சாவி ஜன்னல்ல இருக்கு அக்கா, ஜன்னல்ல!’ என்று கத்தினேன். ‘ஜன்னல்’ என்பது மூன்று துண்டாக வந்தது. அந்தப் பெண் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

“ஆன்ட்டி, இப்ப பேசுனது நீங்களா?”

“ஆமாம்மா.”

“இந்த வாய்ஸ் நம்ம ரெக்கார்டிங்லயே இல்லையே!”

உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. தலையில் கை வைத்துக்கொண்டாள், அவ்வளவுதான். என்னைப் பெரிய குரலில் பேச வைத்து அளந்தாள். எண்கள் மோசமாக வந்தன. பிறகு டாக்டர் கேமராவில் பார்த்தார். கட்டி இருந்த இடத்தில் குரல் நாண் கொஞ்சம் விறைத்திருப்பதாகவும், சிலருக்கு அப்படி ஆவதுண்டு என்றும், பயிற்சியை விடாமல் செய்தால் மெல்ல இளகலாம் என்றும் சொன்னார். இளகும் என்று அவர் சொல்லவில்லை. நான் அந்தப் பெண்ணிடம் ஒன்றுதான் கேட்டேன். முன்பு இருந்ததில் எவ்வளவு போயிருக்கிறது?

“அது எப்டி ஆன்ட்டி சொல்றது? முன்னாடி இருந்தது எங்ககிட்ட இல்லையே. ஆபரேஷனுக்கு முன்ன எடுத்த ஏதாவது வீடியோ, வாய்ஸ் மெசேஜ் இருக்கா? அளக்க முடியாது, ஆனா கேட்டாவது பாக்கலாம்.”

வீட்டுக்கு வந்து போன் முழுக்கத் தேடினேன். வாட்ஸ்அப்பில் எல்லோரும் பேசி அனுப்பும்போது நான் எழுதியே அனுப்பியிருக்கிறேன். வீடியோக்களில் நீ இருக்கிறாய், டாடி இருக்கிறார், உன் பிறந்தநாள் கேக் இருக்கிறது. எடுத்தது நான் என்பதால், சத்தம் பதிவாகிவிடும் என்று வாயை மூடிக்கொண்டு எடுத்திருக்கிறேன். ஐம்பது வயது வரைக்கும் பேசிய ஒரு குரல், ஒரு நொடிகூட எங்கும் இல்லை.

ஐந்து மாதமாக உன்னிடம் இதைச் சொல்லவில்லை. தெரிந்தால் நீ உடனே இன்னொரு டாக்டர், இன்னொரு ஸ்கேன் என்று ஓடுவாய், கல்யாணப் பேச்சு நடக்கிற வீட்டில் எதற்கு என்று நினைத்தேன். நீ தனியாகக் குடிபோன மராத்தஹள்ளி வீட்டுக்குக் கட்டில் வாங்கியதைச் சொல்லக் கூப்பிட்டபோது, வேலை இருக்கிற மாதிரி இரண்டு வார்த்தையில் வைத்துவிட்டேன். நீ கொஞ்சம் வருத்தப்பட்டாய் என்று எனக்குத் தெரிந்தது. வேலை ஒன்றும் இல்லை. குரல் காலையிலேயே தீர்ந்து போயிருந்தது.

அறிவுரை சொல்கிற தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் கல்யாணத்துக்கு முன் ஒரு தாய் ஏதாவது சொல்ல வேண்டும் என்பார்கள், அதனால் சொல்கிறேன். ஷெரின் ‘எப்படி இருக்கீங்க’ என்று கேட்டால், அவள் கேட்க விரும்புகிற பதிலைக் கொடுக்காதே. முதல் நாள் கொடுக்கிற பதிலை வைத்துத்தான் பிறகு எல்லாம் அளக்கப்படும். அவளும் என்னை மாதிரி அதிகம் பேசாத பெண்ணாகத் தெரிகிறாள். அவள் ‘ஒன்றும் இல்லை’ என்றால், அன்றைக்கு நீ என்னிடம் ‘நெஜமாவா?’ என்று கேட்டாயே, அதை அவளிடமும் கேள். ஒரு முறை கேட்டு விட்டுவிடாதே. நீ இரண்டாம் முறை கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேனோ என்னவோ. இது குற்றச்சாட்டு இல்லை, ராபின். அந்த அறையில் எனக்கே தெரியாததை உனக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

வாசகத்தைத் தினமும் சாயந்திரம் டாடி டீக்கடைக்குப் போன பிறகு எடுத்துப் பார்க்கிறேன். முதல் இரண்டு வரி வந்துவிடுகிறது. மூன்றாவது வரியில் மூச்சு இருக்கும்போதே சத்தம் போய்விடுகிறது. நின்று, தண்ணீர் குடித்து, மறுபடி ஆரம்பித்தால் சில நாள் கடைசி வரை போகிறேன். அது எப்படிக் கேட்கிறது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. என் காதுக்குள் இன்னும் பழைய குரல்தான் ஓடுகிறது, அதனால் என் தீர்ப்பை நான் நம்புவதில்லை. கம்ப்யூட்டரிடம் கேட்டால் அது என்னை இப்போதைய என்னோடு மட்டும்தான் ஒப்பிடும். டாடிக்குக் காது கேட்காது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வருடத்துக்கு வருடம் மாறிவிடுகிறார்கள். ஸ்டெல்லா அக்கா, ‘நல்லாதான இருக்கு, உனக்கு வேற வேல இல்ல’ என்கிறாள். நான் அழுதுவிடுவேன் என்று அவளுக்குப் பயம்.

இத்தனை நேரம் கேட்கத் தயங்கியதை இப்போது கேட்டுவிடுகிறேன். சனிக்கிழமைக்கு முன்னால் ஒரு சாயந்திரம் நீ மட்டும் வீட்டுக்கு வா. ரிப்போர்ட்டை எடுத்து வராதே. உன்னைச் சமையலறையில் உட்கார வைத்து, மைக் எதுவும் இல்லாமல், அந்த வாசகத்தை முதலிலிருந்து கடைசி வரை வாசிக்கிறேன். உடைகிற இடத்தில் தண்ணீர் எடுத்துக் கொடுக்காதே, என் முகத்தைப் பார்த்து மனம் மாறாதே, வேண்டுமானால் திரும்பி உட்கார்ந்துகொள். நான் எப்படிப் பேசினேன் என்று இந்த உலகத்தில் உனக்குத்தான் தெரியும். வாசித்து முடித்ததும், அதில் எவ்வளவு மீதி இருக்கிறது என்று எனக்கு மறைக்காமல் சொல்லு.

உன்
மம்மி